வியத்நாம் தொடங்கியது வயலில்

ஆசிரியருக்கு,

கியூபாவின் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிய தங்கள் தலையங்கம், வியத்நாமைப் போல அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்தால் போதும் என்கிறது. ஆனால் வியத்நாமில் திருப்பம் வயலில்தான் வந்தது. 1986-இல் ‘தோய் மோய்’ என்ற பொருளாதாரச் சீர்திருத்தக் கொள்கையை அறிவித்த பிறகும், 1988-இல் வட மாகாணங்களில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அந்த ஆண்டு வந்த கம்யூனிஸ்ட் கட்சியின் 10-ஆம் எண் தீர்மானம், கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. மறு ஆண்டே 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதியானது!

அரிசி ஆலை இயந்திர விற்பனைக்காக வியத்நாமின் மேகோங் ஆற்றுக் கழிமுகத்துக்குப் போயிருந்தபோது, ஒரு விவசாயி தன் நிலப் பயன்பாட்டுச் சான்றிதழின் நகலைக் காட்டினார். அசல், சிவப்பு அட்டை போட்டது, வங்கியில் அடமானத்தில் இருந்தது; அந்தக் கடனில்தான் பம்புசெட் வாங்கியிருந்தார். இத்தனைக்கும் நிலம் இன்னும் அரசுடையதே. கியூபாவும் 2008 முதல் தரிசு நிலங்களை விவசாயிகளுக்குக் கொடுக்கிறது, சரி. ஆனால் விளைந்ததை அரசுக் கொள்முதலுக்குக் கொடுக்கும் கட்டாயம் அவர்களை முடக்கிவிட்டது. ஹோட்டல் முதலீட்டாளர்களைத் தேடும் முன், நீண்டகாலக் குத்தகையையும் விருப்பப்படி விளைச்சலை விற்கும் உரிமையையும் கியூப அரசு விவசாயிகளுக்குத் தர வேண்டும்.

– வாசகர், காங்கேயம்