அமெரிக்கா எமர்ஜென்சி ரூம்ல தையல் போடுற நம்மூர் டாக்டர்களுக்கு, ஓஎம்ஆர்ல இருந்து ஒரு மெடிக்கல் கோடர்

டாக்டர் சார், டாக்டர் மேடம், வணக்கம்.

நீங்க மதுரையிலயோ தஞ்சாவூர்லயோ எம்பிபிஎஸ் முடிச்சிட்டு அங்க போய் செட்டில் ஆனவங்க, நான் மைக்ரோபயாலஜி படிச்சிட்டு சென்னை ஓஎம்ஆர்ல மெடிக்கல் கோடிங் பாக்குறவ, அதாவது டாக்டர் எழுதுன நோட்ட படிச்சு பில்லுக்கு கோட் நம்பர் போடுறவ. நீங்க ராத்திரி போட்ட தையலுக்கு சிபிடி கோட் (என்ன சிகிச்சை செஞ்சீங்கன்னு பில்லுல சொல்ற நம்பர்) போடுறது நானா கூட இருக்கலாம், மூஞ்சி தான் தெரியாது. உங்களுக்கு குவெரி, அதாவது நோட்ல தெளிவில்லாதத கேட்டு ஒரு கேள்வி அனுப்பணும்னா இங்கிலீஷ்ல, ரொம்ப மரியாதையா, எந்த பதிலையும் நாங்களே எடுத்துக் கொடுக்காத மாதிரி எழுதணும். அதுல மனசுல இருக்குறத சொல்ல முடியல, அதான் தமிழ்ல கொட்டிடுறேன்.

போன வாரம் ஒரு சார்ட், அதாவது பேஷண்ட் ரெக்கார்ட். முன்கையில 3 சென்டிமீட்டர் லேசரேஷன் (கிழிஞ்ச காயம்), 4-0 விக்ரில், 5-0 நைலான் நூல் போட்டு மூடியாச்சு, அவ்ளோதான் நோட். விக்ரில் கரையுற நூலு, அத உள்ள போட்டிருப்பீங்க, நைலான் மேல தோலுக்கு, இது எனக்கும் தெரியும் எங்க டீம் லீடருக்கும் தெரியும் நாங்க போடுற கோட சரிபாக்குற ஆடிட்டருக்கும் தெரியும். ஆனா சப்கியூட்டேனியஸ்ல (தோலுக்கு அடியில) தனியா ஒரு லேயர் தச்சேன்னு நீங்க எழுதல. எழுதலன்னா செய்யலன்னு அர்த்தம், கோடிங் கிளாஸ்ல மொத நாளே சொல்லிக்கொடுக்குறது அதான். நூல் பேர வச்சு நான் லேயர ஊகிச்சா எனக்கு எர்ரர் விழும். அதனால இன்டர்மீடியட் ரிப்பேர் (உள்ளயும் மேலயும் தையல்) 12032 வர வேண்டிய இடத்துல சிம்பிள் ரிப்பேர் (ஒரு லேயர் மட்டும்) 12002. நீங்க ரெண்டு லேயர் தச்சிருப்பீங்க, ஒரு லேயருக்கு தான் காசு வரும்.

சரி, ஒரு லேயர் தான் போட்டீங்க, ஆனா காயம் முழுக்க மண்ணும் சரளக்கல்லும், அரைமணி நேரம் உக்காந்து கழுவி எடுத்தீங்கன்னு வைங்க. அதுவும் இன்டர்மீடியட்ல வரும், ரூல்லயே இருக்கு. பிரச்சனை என்னன்னா "நல்லா கழுவி சுத்தம் செய்யப்பட்டது"ங்கிற லைன் உங்க டெம்ப்ளேட்ல எல்லா சார்ட்லயும் வருது, பிளேடு கீறுன விரலுக்கும் அதே லைன், பைக்ல இருந்து விழுந்த முட்டிக்கும் அதே லைன், அப்புறம் எவன் நம்புவான். என்ன அழுக்கு இருந்துச்சு, எவ்ளோ நேரம் எடுத்தீங்கன்னு கையால ஒரு வரி அடிங்க சார்.

அப்புறம் அளவு. சில பேர் இன்ச்ல எழுதுறீங்க. ஒரு இன்ச்னா 2.54 சென்டிமீட்டர். எங்க டேபிள்ல மொத கோட் 2.5 வரைக்கும், அடுத்தது 2.6ல ஆரம்பிக்குது, நீங்க சரியா அந்த சந்துல கொண்டு வந்து விட்டுட்டு போயிடுறீங்க. ஸ்கேல் வச்சு சென்டிமீட்டர்ல அளந்துடுங்களேன்.

இதவிட தலவலி "மல்டிபிள் லேசரேஷன், டோட்டல் 7 செ.மீ."ன்னு எழுதுறது. முகத்துல 3, கையில 4 இருந்தா, முகம் தனி குரூப்ங்கிறதால அது 12013ம் 12002ம், ரெண்டு கோட். ரெண்டுமே கை காலா இருந்தா கூட்டி 7ன்னு வச்சு ஒரே கோட். எத எதோட கூட்டணும்னு பாக்குறது எங்க வேலை, தனித்தனியா கொடுத்தா தான் அத செய்ய முடியும். இதுல கழுத்து, உள்ளங்கை, பாதமெல்லாம் சிம்பிள்ல ஒரு குரூப்லயும் இன்டர்மீடியட்ல வேற குரூப்லயும் இருக்கும், அத ஏன் அப்படி வச்சாங்கன்னு கேக்காதீங்க, கோட் புக் போடுற ஏஎம்ஏ உங்க டாக்டர் சங்கம் தானே.

இன்டர்மீடியட்டுக்கும் மேல இருக்குற காம்ப்ளெக்ஸ் ரிப்பேர் கேட்டா இன்னும் கஷ்டம். 2020ல ரூல மாத்துனதுல இருந்து "அண்டர்மைனிங் பண்ணேன்"னு (காயத்து ஓரத்துல தோல அடியில இருந்து பிரிச்சு விட்டேன்னு) மட்டும் எழுதுனா செல்லாது. காயத்தோட அதிகபட்ச அகலம் எவ்ளோ, ஒரு ஓரம் முழுக்க அந்த அகலத்துக்கு குறையாம அண்டர்மைன் பண்ணீங்களான்னு நோட்ல தெரியணும், குறைவா இருந்தா அது இன்டர்மீடியட் தான். எலும்போ டெண்டனோ வெளிய தெரிஞ்சிருந்தா அதையும் எழுதுங்க. ஸ்டெரி-ஸ்ட்ரிப் (காயத்த மூடுற ஒட்டு பட்டை) மட்டும் ஒட்டி அனுப்பிட்டு ரிப்பேர்னு ப்ரொசீஜர் நோட் போடாதீங்க, அது பேஷண்ட பாத்த விசிட் கோட்லயே அடங்கிடும், தனி கோட் கிடையாது.

காசு ஏத்தி போடுங்கன்னு நான் கேக்கல. டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேஷண்ட் கட்ட வேண்டிய தொகை) முடியாத பேஷண்ட்னா பில் அவரு பாக்கெட்ல இருந்து தான் போகும், செய்யாத லேயருக்கு அவரு ஏன் கட்டணும். எந்த இடம், எத்தன செ.மீ., எந்த லேயர் வரைக்கும், இத எழுதுனா போதும்.

அந்த முன்கை சார்ட்டோட குவெரி இன்னும் பெண்டிங்ல தான் இருக்கு. ஒருவேள அது உங்களோடதா இருந்தா பழைய நோட்ட தொட வேணாம், இன்னிக்கு தேதி நேரம் போட்டு ஒரு அடெண்டம் (பின்னாடி சேக்குற கூடுதல் குறிப்பு) சேத்துடுங்க, அதுவும் உள்ள நெஜமாவே தையல் போட்டிருந்தா மட்டும்.