கணினி விளையாட்டு மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வீட்டிலிருந்தபடி மைக்கை அணைத்துவிட்டு டிஸ்கார்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் வணக்கம். போன வருட அறிக்கை ரொம்ப நீளம் என்று சொன்னார்கள். இந்த வருடமும் நீளம்தான். சொல்லவேண்டியது இருக்கிறது.

பொங்கல் சந்திப்பு நடந்தது. ஆயுத பூஜைக்கு மன்றக் கணினிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். கீபோர்டில் வைக்கவேண்டாம் என்று அடுத்த முறையாவது கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மாணவர்களுக்கான கோடை முகாம் வெயில் காரணமாக ஒரு நாளோடு முடிந்தது. யுபிஎஸ் பேட்டரி மாற்றப்பட்டது.

சரி, மன்றத்தின் முக்கிய வேலைக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஆடுவது ஈவ் ஆன்லைன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்காகவும் இரண்டு வரி. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரத்தில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளிப் போர் விளையாட்டு இது. சீனாவை விட்டுவிட்டால் உலகம் முழுவதற்கும் ஒரே சர்வர். அது லண்டனில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் சர்வர் இருந்தும் திருச்சியில் உட்கார்ந்து நாம் ஆட முடிவதற்குக் காரணம், அந்த சர்வர் நொடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கிறது. அரை நொடி தாமதமெல்லாம் அதில் கரைந்துவிடும். ‘நெட் ஸ்லோ அண்ணா, அதான் லேட்’ என்று சொன்ன எவருடைய விளக்கத்தையும் நான் வருகைப் பதிவேட்டில் ஏற்காதது இதனால்தான்.

சனிக்கிழமை மாலை நாம் சேர்ந்து ஆடுவது இன்கர்ஷன். சான்ஷா என்ற எதிரிக் கூட்டம் சில நட்சத்திர மண்டலங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே நுழைகிற எல்லாக் கப்பலின் தற்காப்பும் தாக்கும் சக்தியும் குறைந்துவிடும். ஒவ்வொரு தளமாக அடித்து முடிக்க முடிக்க அந்தப் பிடி தளரும். வேன்கார்டு தளம் ஏறக்குறைய 10 பேருக்கு, அசால்ட் 20 பேருக்கு, ஹெட்குவார்ட்டர்ஸ் 40 பேருக்கு. ஆள் கூடினால் தலைக்குக் கிடைக்கும் ஐஸ்க், அதாவது விளையாட்டுக்குள் உள்ள பணம், குறையும். ஆள் குறைந்தால் கப்பலே மிஞ்சாது. ஒரே தளத்தில் இரண்டு அணிகள் நுழைந்தால், அதிகம் சேதம் விளைவித்த அணிக்கு மட்டும்தான் பணம். கடைசியில் வருவது தாய்க்கப்பல். அது வரும் தளத்தின் பெயரில் குண்டலினி என்று இருக்கிறது. வைத்தவர் யாரோ, நம் உறுப்பினர் ஒருவரின் தாத்தா அதைக் கேட்டதிலிருந்து இது ஏதோ யோகா விளையாட்டு என்றே நம்புகிறார், நாமும் திருத்தவில்லை.

சான்ஷாவின் கப்பல்களுக்கெல்லாம் மூளையின் பாகங்களின் பெயர்: செரிபெல்லம், தாலமஸ், டெக்டம் என்று. பெயருக்கு ஏற்றபடி அவை யோசிக்கும். ஆரம்ப காலத்து மிஷன்களில் கம்ப்யூட்டர் எதிரி முதலில் கண்ணில் பட்டவரையே அடித்துக்கொண்டிருக்கும். பருமனான ஒரு கப்பலை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகச் சுட முடிந்தது. இங்கே அது நடக்காது. நடுவிலேயே குறியை மாற்றும். இருபது கப்பலின் தீயும் திடீரென்று ஒரே ஆள் மேல் விழும். அந்த ஆளுக்குச் சில நொடிகள்தான் இருக்கும். அந்த நொடிகளுக்குள் அவரைப் பிழைக்கவைப்பது சுடுகிறவர்கள் அல்ல, லாஜி எனப்படும் ரிப்பேர் கப்பல்காரர்கள்.

இந்த இடத்தில்தான் என் திட்டம் வருகிறது. போன பொதுக்குழுவில் நான் ‘லாஜி பயிற்சிப் பிரிவு’ தொடங்கவேண்டும் என்று முன்வைத்தபோது செயற்குழுவிலேயே இருவர் சிரித்தார்கள். யார் என்று குறிப்பேட்டில் இருக்கிறது, இங்கே சொல்லமாட்டேன். அவர்கள் யோசனை, பயிற்சிக்கு ஆகும் பணத்தில் இன்னும் இரண்டு வின்டிகேட்டர் பீரங்கிக் கப்பல்கள் வாங்கலாம் என்பது. நம் மன்றத்தில் எப்போதும் இதே கதைதான்: பந்தியில் உட்கார எல்லோருக்கும் ஆசை, பரிமாற ஆளில்லை. பீரங்கி சுடுகிறவருக்குக் கில் எண்ணிக்கை உண்டு, ஸ்கிரீன்ஷாட் உண்டு. ரிப்பேர் பார்த்தவருக்கு ‘ஏன் எனக்கு லேட்டா வந்துச்சு’ என்ற கேள்வி மட்டும் உண்டு.

பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று கேட்டார்கள். விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ‘சும்மா பட்டன் அழுத்துற வேலை’ என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது.

முதல் பாடம், அடி விழுந்தபிறகு கத்தாதே. எதிரி உன்னைக் குறிவைத்ததும் உன் திரையில் மஞ்சள் கட்டம் தெரியும். அப்போதே ப்ராட்காஸ்ட் அழுத்து, உன் பெயர் அணியின் திரையில் தெரியும். மைக்கில் ‘என்னை அடிக்கிறான், என்னை அடிக்கிறான்’ என்பதால் பிரயோஜனமில்லை. ‘என்னை’ என்பது யார் என்று கண்டுபிடிப்பதற்குள் கப்பல் போய்விடும். ப்ராட்காஸ்ட் வந்தால் லாஜிகாரர் அந்தப் பெயரின் மேல் ஒரு க்ளிக்கில் லாக் செய்துவிடுவார், அதாவது ரிப்பேர் கருவியின் குறியைப் பிடித்துவிடுவார். இரண்டாவது பாடம், கப்பலைச் சுற்றியுள்ள ஷீல்டுக்கும் அதற்குள் இருக்கும் ஆர்மர் தகட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஷீல்டு ரிப்பேர் கருவியை ஓடவிட்டதும் பலன் கிடைத்துவிடும். ஆர்மர் ரிப்பேரில் கருவியின் ஒரு சுற்று முடியும்போதுதான் கிடைக்கும். ஆர்மர் அணியில் ரிப்பேர் பார்ப்பவர் அடுத்து யாருக்கு அடி விழும் என்று முன்கூட்டியே ஊகிக்கவேண்டும். நம் ஆட்கள் ஊகிப்பதைப் பார்த்தபிறகு, மன்றம் ஷீல்டு கப்பல்களோடு நிற்பது என்று தீர்மானித்தோம்.

மூன்றாவதுதான் முக்கியம்: கேப் சங்கிலி, அதாவது மின்சக்திச் சங்கிலி. பாசிலிஸ்க் என்ற ரிப்பேர் கப்பல் தனியாக நின்றால், எல்லாக் கருவிகளையும் ஓட்டும் அளவுக்கு அதற்கு மின்சக்தி போதாது. ஆனால் ஒரு பாசிலிஸ்க் இன்னொன்றுக்கு மின்சக்தி அனுப்பும்போது, அனுப்புகிறவருக்குச் செலவாவதைவிடப் பெறுகிறவருக்குச் சேர்வது அதிகம். ஆகவே ஒவ்வொருவரும் பட்டியலில் தனக்கு மேலே ஒருவருக்கும் கீழே ஒருவருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தால், யாரும் வற்றாமல் எல்லோரும் நிறுத்தாமல் ரிப்பேர் பார்க்கலாம். ஒருவர் எழுந்து போனால் மேலும் கீழும் இரண்டு பேர் பட்டினி. அதனால் போகிறவர் ‘சங்கிலியிலிருந்து வெளியே’ என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். சொன்னால் மற்றவர்கள் இரண்டு நொடியில் வரிசையை மாற்றிக்கட்டிவிடுவார்கள். சிமிட்டார் என்ற கப்பலுக்குச் சங்கிலி வேண்டாம், தன் மின்சக்தியில் தானே ஓடும். நம்பகமான ஆட்கள் பாசிலிஸ்க்கிலும், மற்றவர்கள் சிமிட்டாரிலும் என்று பிரித்திருக்கிறேன். யாரை எதில் போட்டிருக்கிறேன் என்பதை வைத்து யாரும் மனம் புண்படவேண்டாம்.

இப்போது ஐப்பசி மாதத்து அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதை வைத்து லாஜி திட்டமே தோல்வி என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். நடந்தது இதுதான். அசால்ட் தளம். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர். வந்தவர்கள் அதைவிடக் குறைவு. அணித்தலைவர் எதிரிகளுக்கு எண் போட்டு, ஜாம் செய்யும் நியார்ஜா கப்பல்களை முதலில் அடிக்கச் சொன்னார். அவை நம் லாஜியின் லாக்கை அறுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நம் பீரங்கிப் பிரிவில் இருவர் பெரிய கப்பலைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், ஸ்கிரீன்ஷாட்டுக்காக. அதே நேரம் சங்கிலியின் நடுவில் இருந்த ஓர் உறுப்பினர், வீட்டில் பிரியாணி வந்துவிட்டது என்று எழுந்து போனார். சொல்லவில்லை. அவர் கப்பல் அங்கேயே மிதந்துகொண்டிருந்தது, ஆகவே பார்ப்பவர்களுக்குச் சங்கிலி சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. அவருக்குக் கீழே இருந்தவர் வற்றினார், மேலே இருந்தவர் ஜாம் ஆனார். இரண்டு நைட்மேர் போர்க்கப்பல்களும் ஒரு வின்டிகேட்டரும் போயின. பயிற்சி பெற்றவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள் என்பது சண்டைப் பதிவில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் மன்ற அறையில் வந்து பார்க்கலாம். இதுவரை யாரும் வரவில்லை.

இதோடு வருகை விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். சர்வர் தினமும் நம் நேரம் மாலை நாலரைக்குப் பராமரிப்புக்காக நிற்கும். அதற்காகவே கூடும் நேரத்தை ஐந்தரை என்று வைத்தோம். ஐந்தரை என்றால் ஐந்தரைக்குக் கப்பலில் இருப்பது. ஐந்தரைக்குக் கணினியை ஆன் செய்து, அப்டேட் இறங்குகிறது என்று சொல்வது அல்ல. மின்தடையில் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. தொடர்பு அறுந்தால் கப்பல் தானாகவே அவசர வார்ப் எனப்படும் அதிவேகப் பாய்ச்சலில் தள்ளிப்போக முயலும், சங்கிலியில் இடம் காலி என்று மற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கப்பலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்தான் ஆபத்து.

அடுத்து சந்தா. இலவசமாக ஆடும் ஆல்ஃபா கணக்கில் ஆஸ்ப்ரே போன்ற சின்ன ரிப்பேர் கப்பல் ஓட்டலாம். பயிற்சிக்கு அது போதும். பாசிலிஸ்க், சிமிட்டார் ஓட்ட ஒமேகா சந்தா கட்டவேண்டும். அமெரிக்க விலையில் மாதம் 14.95 டாலராக இருந்ததை 2022 மே மாதம் 19.99 ஆக்கினார்கள். கல்லூரிப் பையன்கள் மாதாமாதம் இதை எங்கே கட்டுவார்கள்? ஆகவே லாஜி ஓட்டுபவர்களின் ஒமேகாவில் பாதியை மன்ற நிதியிலிருந்து தருவது என்று தீர்மானம் போட்டோம். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் கணிசமானோர் தங்கள் மன்றச் சந்தாவை இன்னும் கட்டவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பில் கட்டாததால் என்ன ஆகும் என்பதற்கு இந்த விளையாட்டிலேயே ஒரு சரித்திரம் உண்டு. 2014 ஜனவரி 27 அன்று, பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தை வைத்திருந்த பெரிய கூட்டணியின் ஆட்சியுரிமைக் கட்டணம் கட்டப்படாமல் போனது. தானாகக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்திருந்தார்கள். உரிமை கைவிட்டுப் போனது, எதிரிகள் நுழைந்தார்கள், சுமார் 21 மணி நேரம் சண்டை நடந்தது. விளையாட்டிலேயே மிகப்பெரிய ரகமான டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. நிஜப் பண மதிப்பில் சுமார் 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். அந்த இடத்தில் நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள். நம் மன்றத்தில் டைட்டன் எதுவும் இல்லை. அறை வாடகை இருக்கிறது, இன்டர்நெட் கட்டணம் இருக்கிறது, இரண்டும் யார் சொல்லியும் தானாகக் கட்டிக்கொள்வதில்லை. அவற்றை யார் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பொருளாளருக்கும் எனக்கும் தெரியும்.

வரவு செலவு: வரவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம். வித்தியாசம் முந்தைய ஆண்டின் இருப்பிலிருந்து சமாளிக்கப்பட்டது. விளையாட்டுக்குள் உள்ள கார்ப்பரேஷன், அதாவது நம் குழுவின் பணப்பையில் ஐஸ்க் நிலைமை நன்றாகவே இருக்கிறது. அதை ரூபாயாக மாற்ற முடியுமா என்று கேட்டவருக்கு, முடியாது, முயன்றால் கணக்கை முடக்குவார்கள். விரிவான கணக்கு பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை நடந்துகொண்டிருக்கிறது.

அறை கொடுத்த கட்டட உரிமையாளருக்கும், யுபிஎஸ் பார்த்துக் கொடுத்த தம்பிக்கும், டீ வாங்கி வந்தவர்களுக்கும், சனிக்கிழமை மாலைகளைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தாருக்கும் மன்றத்தின் நன்றி. தலைவருக்கு அவர் அளித்த தார்மீக ஆதரவுக்காக நன்றி.

அடுத்த ஆண்டு ஹெட்குவார்ட்டர்ஸ் போகலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நாற்பது பேர் வேண்டும். பக்கத்து ஊர் நண்பர்களைச் சேர்த்தாலும், லாஜிக்கு மட்டும் இன்னும் நாலைந்து பேர் நம்மிடமிருந்து வரவேண்டும். பயிற்சி நான் கொடுக்கிறேன், ஆஸ்ப்ரே கப்பலும் மன்றமே தரும். ஆள் வரவில்லையென்றால் வேன்கார்டோடு நிறுத்திக்கொள்வோம், எனக்கு ஆட்சேபணை இல்லை. செயலாளர் பதவிக்கும் இந்த முறை வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். போன முறையும் இதைச் சொன்னேன், அறை அமைதியாக இருந்தது என்பதும் குறிப்பேட்டில் இருக்கிறது.

பொருளாளர் வாசலருகே ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஜிபே ஸ்கேனரும் மேசையில் இருக்கிறது. லாஜி பிரிவுக்குப் பெயர் கொடுக்கும் தாளும் அதே மேசையில்தான். டிஸ்கார்டில் இருப்பவர்கள் மைக்கை ஆன் செய்தால் நானே எழுதிக்கொள்கிறேன்.

செயலாளர்