பட்டா கொடுத்தீர்கள், நிலம் எங்கே?

நிகராகுவா தேசிய சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பில்வியையும் புளூஃபீல்ட்ஸையும் தலைநகரங்களாகக் கொண்ட இரு கரிபியன் தன்னாட்சிப் பகுதிகளைப் பற்றி எழுதுகிறேன். 1894-இல் அன்றைய அதிபர் ஜெனரல் செலாயா படையனுப்பி நாட்டோடு இணைத்த மிஸ்கிட்டோ கடற்கரை அது. 1987-இல் 28-ஆம் சட்டம் அதற்குத் தன்னாட்சி தந்தது.

அங்குள்ள பழங்குடி மக்களுக்கு நிலவுரிமை அவ்வளவு எளிதில் வரவில்லை. அரசு தங்கள் காட்டில் மரம் வெட்டத் தனியாருக்கு உரிமம் கொடுத்ததை எதிர்த்து, மாயங்னா பழங்குடியினர் வாழும் அவாஸ் டிங்னி என்ற சிறிய ஊர் வழக்காடியது. 2001-இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றது. அதற்குப் பிறகும் பட்டா கைக்கு வர 2008 டிசம்பர் ஆயிற்று.

2003-இல் வெளியான உங்கள் 445-ஆம் சட்டம் இந்தச் சமூகங்களின் நிலவுரிமைக்கு ஐந்து கட்டங்களை வகுத்தது: விண்ணப்பம், எல்லைத் தகராறு தீர்த்தல், அளந்து எல்லை குறித்தல், பட்டா, கடைசியாக வெளியார் பிடியிலிருந்து நிலத்தை மீட்டு ஒப்படைத்தல். இருபதுக்கும் மேற்பட்ட பிரதேசங்களுக்குப் பட்டா கொடுத்துவிட்டீர்கள். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஐந்தாம் கட்டம் மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது?

அந்த இடைவெளியில்தான் குடியேறிகள் நுழைகிறார்கள். முதலில் மரங்கள் சாய்கின்றன; பிறகு தீ; மழை வந்ததும் மேய்ச்சல் புல்; அதன்பின் முள்கம்பியும் மாடுகளும். தாங்கள் நட்ட மரவள்ளியைப் பிடுங்கப் போகவே மாயங்னா குடும்பங்கள் அஞ்சுகின்றன. போசாவாஸ் காட்டில் 2020 ஜனவரியில் அலால் என்ற மாயங்னா ஊர் தாக்கப்பட்டது. 2023 மார்ச்சில் வீலு என்ற இன்னொரு மாயங்னா ஊர். இரண்டிலும் வீடுகள் எரிந்தன. வீலுவில் உயிர்களும் போயின.

புதிதாக எதுவும் கேட்கவில்லை. பட்டா இல்லாத வெளியார் இழப்பீடின்றி வெளியேற வேண்டும், தங்க விரும்பினால் சமூகத்துக்கு வாடகை கட்ட வேண்டும் என்பது நீங்களே எழுதிய விதி. வாழ வழியின்றி வரும் ஏழை விவசாயிகளும் அவர்களில் இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்கு வேறிடம் தேடித் தருவது அரசின் கடமை. அந்தச் சுமையை மாயங்னா, மிஸ்கிட்டோ, ராமா மக்களின் தலையில் ஏற்றக் கூடாது.

2023 அக்டோபரில் யாதாமா கட்சியின் பதிவு ரத்தானது. கடற்கரை மக்களின் குரலை எழுப்பிவந்த கட்சி அது. அந்தப் பதிவைத் திருப்பிக் கொடுங்கள். ஐந்தாம் கட்டத்துக்குப் பணம் ஒதுக்கி, எந்தப் பிரதேசம் எந்த ஆண்டில் என்று அட்டவணை வெளியிடுங்கள். போசாவாஸிலிருந்து தொடங்குங்கள்.