மனித உரிமை, சமூக நீதிப் பட்டயப் படிப்பு முடித்தோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

தலைவர் அவர்களுக்கும், துறைப் பேராசிரியர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் பணிகளை விதிப்படி உங்கள் முன் வைக்கிறேன்.

நிகழ்ச்சிகள்

ஏப்ரல் 14 சமத்துவ நாள் உறுதிமொழி ஏற்கப்பட்டது. நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்ட முகப்புரை வாசிக்கப்பட்டது. டிசம்பர் 10 மனித உரிமை நாள் கூட்டம் துறை அரங்கில் நடந்தது. ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு நாளும் பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாளும் கடைப்பிடிக்கப்பட்டன. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் உள்ளன. படத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் வந்திருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 10-க்கு ஏன் பந்தல் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை, மதியச் சாப்பாடு இல்லை என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கான பதில்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

தேதிப் பதிவேடு

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, அதன் விதிகள் 1995, 2015-இன் சட்டத் திருத்தம், 2016-இன் விதித் திருத்தம் ஆகியவற்றைச் சேர்த்து வாசித்தால் கையில் கிடைப்பது ஒரு கால அட்டவணை. டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி புலன்விசாரணை செய்து 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். நிவாரணம் 7 நாளில் தொடங்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் துறையில் எழுதப்படும் ஆய்வேடுகளோ ‘சட்டம் நன்று, நடைமுறை சரியில்லை’ என்ற வரியில் வந்து நிற்கின்றன. எந்தக் கட்டத்தில், எத்தனை நாள், யார் மேசையில் நின்றது என்று கேட்டால் பதில் இருக்காது. உண்மை அறியும் குழு போய்வந்து, பத்திரிகையாளர்களைச் சந்தித்து, அறிக்கை வெளியிட்டதோடு கோப்பு மூடப்படுகிறது. வழக்கு அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

ஆகவே, சங்கத்தின் சார்பில் தேதிப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. நீளக் கணக்கு நோட்டில் ஒரு வழக்குக்கு எதிரெதிராக இரண்டு பக்கம். இடப்பக்கம் தேதிகள்: சம்பவம், புகார், சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தருவது), முதல் தகவல் அறிக்கை, டி.எஸ்.பி. நியமனம், சாதிச் சான்று, நிவாரண ஆணை, பணம் வங்கியில் ஏறிய நாள், குற்றப்பத்திரிகை, ஒவ்வொரு வாய்தா. வலப்பக்கம் அந்தந்தத் தேதிக்கான ஆதாரம்: குற்ற எண், ஆட்சியர் அலுவலகக் கோப்பின் ந.க. எண், நீதிமன்றம் வழக்குக்குத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். அடையாள எண். ஆதாரம் கைக்கு வராத தேதியைப் பென்சிலால் எழுத வேண்டும். நகல் வந்த பிறகே பேனா. கணினியில் ஏற்றினால் போதாதா என்று கேட்கிறார்கள். கணினியிலும் ஏறுகிறது. ஆனால் காவல் நிலையத்திலும் நீதிமன்ற வராந்தாவிலும் தரவு சேகரிப்பது நோட்டும் பேனாவும்தான்.

எங்கெங்கே நிற்கிறது என்பது இப்போது பக்கத்தைப் புரட்டினாலே தெரிகிறது. முதல் தடை சி.எஸ்.ஆர். ரசீது. புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்து, ‘விசாரிக்கிறோம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை உடனே தருவது 4-ஆம் பிரிவின்படி அதிகாரியின் கடமை. ரசீதுக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் நடுவே ஓடும் நாட்களில்தான் எதிர்ப்புகார் தயாராகிறது, சமாதானப் பேச்சும் நடக்கிறது.

அடுத்தது பிரிவுகள். அடிதடி நடந்திருந்தாலும் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதற்கான 3(1)(ஆர்), (எஸ்) மட்டும் போடப்பட்டு, காயத்துக்குரிய 3(2)(விஏ) விடுபடுகிறது. 2016 திருத்தம் நிவாரணத்தைக் குற்றத்துக்கு ஏற்ப 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 வரை நிர்ணயித்தது; தமிழ்நாடு அரசு பின்னர் அதை உயர்த்தியது. எந்தப் பிரிவு என்பதை வைத்தே தொகை. பெரும்பாலான குற்றங்களில் அது ஒரே தவணையாக வருவதுமில்லை. முதல் தகவல் அறிக்கைக்கு ஒரு பங்கு, குற்றப்பத்திரிகைக்கு ஒரு பங்கு, தண்டனைக்குப் பின் மீதி. குற்றப்பத்திரிகை தாமதமானால் இரண்டாம் பங்கும் தாமதமாகும். குடும்பம் சோர்ந்து சமாதானத்துக்குப் போவது அநேகமாக இந்த இடைவெளியில்தான்.

குற்றப்பத்திரிகை ஏன் தாமதமாகிறது என்று கேட்டால் சாதிச் சான்று வரவில்லை என்பார்கள். பாதிக்கப்பட்டவருடையது மட்டும் போதாது, எதிரியுடையதும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையதும் வேண்டும். எதிரி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் அல்ல என்பதை நிறுவ வேண்டும். பட்டியல் சாதிக்கு வட்டாட்சியர், பழங்குடிக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். காவல் துறையின் கடிதம் போன நாளையும் சான்று கிடைத்த நாளையும் தனித்தனியே கேட்டு வாங்கினால்தான் தாமதம் எந்த அலுவலகத்தில் என்று தெரியும். கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பங்களின் சான்றில் பிற்படுத்தப்பட்டோர் என்றிருக்கும். பட்டியல் சாதிகளை வரையறுக்கும் 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றுவரை இல்லை. அந்தப் புகார்களை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சம்பவ இடத்துக்கு இன்ஸ்பெக்டர் போய், வாக்குமூலமும் அவரே வாங்கி, டி.எஸ்.பி. கையெழுத்து மட்டும் போடுவது இன்னொரு வழக்கம். டி.எஸ்.பி.தான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்ற ஏழாம் விதியைக் காட்டி எதிர்த்தரப்பு வழக்கையே உடைக்கக்கூடிய இடம் இது. சம்பவ இடத்துக்குப் போன அதிகாரி யார் என்பதற்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் இருப்பது அதனால்தான்.

பதிவேட்டில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் கட்டங்கள் இரண்டு. 15ஏ பிரிவின்படி ஜாமீன் மனு உட்பட எந்த நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. இருந்தும் ஜாமீன் கிடைத்த செய்தி, எதிரி தெருவில் நடந்துவரும்போதுதான் தெரியவருகிறது. மற்றது 11-ஆம் விதி: பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, தினப்படி. கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பயிற்சியும் ஆய்வும்

துறையின் களப்பணி மாணவர்களுக்கு நேர்காணல் பயிற்சி தரப்பட்டது. வலியுறுத்தியது கொஞ்சம்தான், ஆனால் மீறப்படுவதும் அதுதான். நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் முடியும் முன்னால், மாணவர்கள் பாதிக்கப்பட்டவரிடம் விரிவாக எழுதி வாங்கக் கூடாது. கையெழுத்து அறவே கூடாது. ஒரே சம்பவத்துக்கு மூன்று விதமான எழுத்து இருந்தால் குறுக்கு விசாரணையில் முரண்பாடு என்று அதுவே எடுத்து நீட்டப்படும். அவசரத்தில் வெளியிட்ட நல்ல அறிக்கை நல்ல வழக்கைக் கெடுத்துவிடும்.

எங்கே நடந்தது என்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். வாசலா, நடுவீடா, வயலா. அங்கே வேறு யார் நின்றார்கள். வீட்டுச் சுவருக்குள், வெளியார் யாருமில்லாதபோது பேசியது 3(1)(ஆர்)-இல் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சொல்லப்பட்ட சொல்லையும் அப்படியே எழுத வேண்டும். சொல்பவர் கூசுவார், எழுதுபவரும் கூசுவார். ‘சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்’ என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பாலியல் குற்றமானால் பெயர் மட்டுமல்ல, ஊர், பள்ளி, உறவுமுறை என அடையாளம் தெரியும் எதுவும் ஆய்வேட்டில் வரக் கூடாது. பெயரை மாற்றிவிட்டுக் குக்கிராமத்தின் பெயரை அப்படியே விட்டால் மறைத்ததாகாது.

தகவல் உரிமை மனுவில் ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று திருப்பிவிடுவார்கள். ‘இன்ன காலாண்டின் கண்காணிப்புக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவேடு ஆகியவற்றின் நகல்’ என்று கேட்க வேண்டும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள் காத்திருப்பு, பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மேல்முறையீட்டை மறப்பதே மாணவர் மனுக்களின் பொது நோய்.

புள்ளிவிவரம் பற்றியும் ஒரு வார்த்தை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தண்டனை விகிதம், அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகளுக்கு உரியது. அந்த ஆண்டு பதிவானவற்றுக்கு அல்ல. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் தண்டனை கடுமையான ஒன்றே எண்ணப்படும். இது தெரியாமல் போட்ட சதவீதத்தோடு இந்த ஆண்டும் ஆய்வேடுகள் வந்தன.

2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததால் நம் மாதிரிப் படிவங்கள் அனைத்தும் மாற்றி அச்சிடப்பட்டன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்கான பழைய 154-ஆம் பிரிவு இப்போது 173, நடுவர் முன் வாக்குமூலத்துக்கான பழைய 164 இப்போது 183. குற்றம் ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் தண்டனைப் பிரிவு பழைய இ.பி.கோ.தான் என்ற குறிப்பும் அதில் உண்டு. அச்சுச் செலவு ஏன் கூடியது என்று கேட்டவர்கள் கவனிக்கவும்.

வருகை

ஒரு வாய்தாவுக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் பாதிக்கப்பட்டவரோடு உட்கார, ஒருவர் குறித்துக்கொள்ள. முறைப்பட்டியல் போட்டுக் குழுவில் அனுப்பினால் கட்டைவிரல்கள் வரிசையாக வருகின்றன; நீதிமன்றத்துக்கு ஆள் வருவதில்லை. சான்றிதழ் வாங்கும்வரை களப்பணிக்கு ஓடியவர்களில் பலர், வாங்கியதும் முகவரியைக்கூட மாற்றித் தெரிவிக்கவில்லை. வழக்கு ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே போவது சலிப்பூட்டும்தான். சாட்சிகளுக்கும் அதே சலிப்பு உண்டு, அவர்களுக்குக் கூலியும் போகிறது. செயற்குழுக் கூட்டங்கள் குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் தள்ளிப்போனதும் பதிவேட்டில் இருக்கிறது.

வரவு செலவு

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா, நன்கொடை, வங்கி வட்டி வரவு. நகல், அச்சு, தபால், பயணம் செலவு. செலவு வரவைச் சற்றே தாண்டியிருக்கிறது. பழைய இருப்பிலிருந்து சரிக்கட்டப்பட்டது. வரவேண்டிய சந்தா முழுதும் வந்திருந்தால் அதற்குத் தேவை வந்திருக்காது. நிலுவைதாரர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டதால் இந்த ஆண்டு ஒட்டவில்லை.

நன்றி

அரங்கம் தந்த துறைத் தலைவருக்கும், கட்டணம் வாங்காமல் ஆஜரான வழக்கறிஞர்களுக்கும், தணிக்கையாளருக்கும், கடனுக்கு நகல் எடுத்துத் தந்த கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டு

பதிவேட்டில் உள்ள தேதிகளை வைத்துக் கட்டவாரியான தாமத ஆய்வு ஒன்றைத் துறையோடு சேர்ந்து எழுதி, மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் 2021-இல் அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் தர எண்ணம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மனு தயாராக உள்ளது. டிசம்பர் 10-ஐப் பந்தலோடு நடத்தவும் தடை இல்லை. பதிவேட்டுச் செலவைத் தொடாமல் அதற்குத் தனியாக வசூலித்துத் தருபவர் இருந்தால் சரி.

புதிய நிர்வாகிகள் தேர்தல் நடக்க இருக்கிறது. செயலாளர் பொறுப்பை ஏற்க யார் முன்வந்தாலும் பதிவேடுகளையும் கோப்புகளையும் அன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராமல், பழையவரே தொடரட்டும் என்று கைதட்டி முடிப்பதாக இருந்தால், முதலில் வாய்தா முறைப்பட்டியலில் பத்துப் பேராவது கையெழுத்திட வேண்டும் என்பது என் பணிவான நிபந்தனை. விதிப்படி இரண்டாண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கிறார். வாக்கெடுப்பு தொடங்கும்வரை அங்கேயே இருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்மொழிகிறேன்.

செயலாளர்