தம்பிக்கு சங்கிலி இல்ல, சிகிச்சைதான் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

கொச்சிக்கு வேலைக்குப் போன இடத்துல என் தம்பி கொக்கைன்ங்கிற போதைப்பொடி பழகிட்டான், மூக்குல ரத்தம் வந்து தலகாணி உறையெல்லாம் கறையான பிறகுதான் அம்மாக்கே தெரிஞ்சுச்சு. மந்திரிச்சு கயிறு கட்டினோம், ஒரு மையத்துல சங்கிலி போட்டு வச்சாங்க, வெளிய வந்த வாரமே திரும்ப போதைக்கே போயிட்டான். கடைசியா திருவனந்தபுரத்துல மனநல டாக்டர்கிட்ட காட்டினோம், இந்த ஆசைய நிறுத்த தனி மாத்திரை கிடையாது, கவுன்சிலிங்தான் முக்கியம், மாசக்கணக்குல வரணும்னார். இப்ப வாராவாரம் பஸ் ஏறி நானே கூட்டிட்டுப் போறேன். போலீஸ் பிடிக்கும்னு பயந்துதான் நிறைய குடும்பம் மறைக்குது, ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ பிரிவு இருக்கு, கொஞ்ச அளவோட மாட்டினவங்க தானா வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சைய முழுசா எடுத்தா வழக்குலேருந்து விலக்கு உண்டு. போதை மீட்பு உதவி எண் 14446க்கு கூப்பிட்டா காசில்லாம வழி சொல்வாங்க. தயவுசெஞ்சு இந்த நம்பர தினமும் பேப்பர்ல போடுங்க ஐயா.

ஒரு அக்கா,
களியக்காவிளை