கயிறு கட்டுவதற்கு முன்

திருகோணமலை
ஜனவரி 2026

அன்பு மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. டொரன்டோவில் பழைய பிக்கப் ஒன்று வாங்கி, ஸ்னோ கொட்டுகிற இரவுகளில் வேலை முடிந்து வரும் வழியில் சிக்கிக் கிடக்கிற வாகனங்களை இழுத்துவிடுகிறாய் என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மைனஸ் 15-இல் கைக்குழந்தையோடு காருக்குள் இருந்த அந்தப் பிள்ளையை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டாயே, அதைக் கேட்டு அம்மா கண் கலங்கிவிட்டார். உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிக்கப்பின் பின்னால் ட்ரெய்லர் கொளுவுகிற உருண்டையில் இரும்புச் சங்கிலியைச் சுற்றியிருக்கிறாய். ஊர்ப் புதினம் பிறகு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த உருண்டை, உருண்டு வருகிற ட்ரெய்லரை இழுக்கச் செய்தது. புதைந்த காரைச் சுண்டி இழுக்கும்போது வருகிற சுமை அதைவிடப் பல மடங்கு. அதன் கழுத்து முறிந்தால் அந்த இரும்புத் துண்டு சங்கிலியோடு சேர்ந்து பறந்து, எதிரே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதரின் முன்கண்ணாடிக்குள் போகும். ஆஸ்திரேலியாவில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். அங்கே இருந்த காலத்தில், டொரன்டோவின் ஸ்காபரோவில் நான் இழுவை லொறிக் கராஜில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதலாளி முதல் நாளே சொல்லித் தந்தது இதைத்தான். உதவி செய்யப் போன இடத்தில் ஒரு உயிர் போனால், அதை வைத்துக்கொண்டு நீ எப்படி மச்சான் தூங்குவாய்?

ஆகவே உருண்டையைக் கழற்று. அது செருகியிருக்கிற சதுரக் குழாய்க்குள் ஷக்கிள் (கயிறு கொளுவுகிற இரும்பு வளையம்) பூட்டிய இரும்புக் கட்டை ஒன்றைச் செருகி, குறுக்கே பூட்டு ஊசி போட்டு இறுக்கு. உன் வண்டிக்கு அளவானது எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். சங்கிலியையும் விட்டுவிடு. அது நீளாது, வருகிற இழுவை முழுவதையும் ஒரே அடியாக வாங்கும், கடுங்குளிரில் இரும்பு முறிவதும் சுலபம். நைலோனில் பின்னிய மீட்புக் கயிறு வாங்கு. நல்ல கயிறு 30 வீதம் வரை நீளும், நீண்டு சுருங்கும்போது வருகிற மெதுவான இழுவையே பாதி வேலையைச் செய்துவிடும். அதன் நடுவில் பாரமான பழைய ஜக்கெட் ஒன்றைப் போட்டுவிடு, அறுந்தாலும் கயிறு பறக்காமல் விழும். வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தூரத்தில் நிற்கச் சொல். வெட்கப்படாமல் உரத்துச் சொல்.

அடுத்தது, காரில் எங்கே கட்டுவது. பம்பரில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதைத் தட்டிக் கழற்றினால் மரை தெரியும். அதற்கான வளையம் டிக்கியில் ஜாக்கோடு இருக்கும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் மரை இடப்பக்கம் திருப்பத்தான் ஏறும், அவசரத்தில் மாறித் திருப்பி மரையைக் கெடுத்துவிடாதே. அந்த வளையமும் மெதுவாக இழுக்கத்தான், சுண்டி இழுக்க அல்ல. ஸ்டியரிங்கோடு தொடர்பான கம்பிகளில் கொளுக்கி போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கார் வெளியே வந்துவிடும், சில்லு கோணிப்போய் நிற்கும்.

இதெல்லாம் கயிறு கட்டுவதென்று முடிவெடுத்த பிறகு. என்னைக் கேட்டால் கயிறு கட்டுவதுதான் கடைசி வேலை.

நீ போய் நின்றதும் முதலில் பார்க்கவேண்டியது புகைக்குழாயை. பின்பக்கம் ஸ்னோவில் புதைந்திருக்க, உள்ளே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். புகை வெளியேற வழியில்லாமல் உள்ளுக்கு வரும். அதில் உள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தலையிடி என்று கண்ணை மூடுகிறவர் எழும்பமாட்டார். கண்ணாடியில் தட்டி எஞ்சினை நிற்பாட்டச் சொல், குழாயைச் சுற்றித் தோண்டிவிடு, உள்ளே இருப்பவர்களுக்கு மயக்கம், தலைசுற்று இருக்கிறதா என்று கேள். அவர்களை உன் வண்டிக்குள் ஏற்றிச் சூடாக வைத்துக்கொண்டு இழுவை லொறிக்குப் போன் பண்ணினாலே பல இரவுகளில் போதும். காரைக் காலையில் எடுக்கலாம்.

பிறகு தோண்டு. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சேற்றில் சில்லு அளவுக்குப் புதைந்த வாகனத்தை அசைக்க, அதன் எடை எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும். மட்கார்ட் வரை போயிருந்தால் அதில் இரண்டு மடங்கு. ஒன்றரைத் தொன் கார் மூன்று தொன் கேட்கும். பத்து நிமிடம் சவளால் (மண்வாரியால்) சில்லுக்கு முன்னாலும் அடியிலும் வெட்டி எடுத்தால் அந்தக் கணக்கு அப்படியே இறங்கிவிடும். ஸ்னோவிலும் வழி அதுதான். டயரைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் அடியில் உள்ள ஸ்னோ உருகி உடனே ஐஸாகிவிடுகிறது, அதன் பிறகு ஒன்றும் பிடிக்காது. முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி எடுக்கச் சொல். டயரின் கீழே மணல் போடு. உப்பை நம்பாதே, மைனஸ் 21-க்குக் கீழே அது ஐஸை உருக்கவே உருக்காது, அதற்கு முன்பே அதன் வேலை மந்தமாகிவிடும்.

மணலைப் பின்பெட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே மூட்டையாகக் கட்டி வை. பிக்கப்பின் பின்பக்கம் பாரமில்லாதது, வெறும் பெட்டியோடு ஓடினால் வளைவில் வால் விலகும். உன்னுடையது ஃபோர் வீல் என்று எழுதியிருந்தாய். நாலு சில்லும் இழுப்பது புறப்படுவதற்குத்தான் உதவும், பிரேக் பிடிக்கும்போது நீயும் மற்றக் கார்க்காரரும் ஒன்றுதான். மைனஸ் 15-இல் ஓடுகிற நீ நல்ல ஸ்னோ டயர் போட்டிருக்கிறாயா என்று எழுதவே இல்லை. அதில் காசு பார்க்காதே.

2022 ஜனவரி 17 ஸ்னோப் புயல் நினைவிருக்கிறதா? டொன் வலி பார்க்வே, கார்டினர் என்ற நகரத்தின் பெரிய சாலைகளையே மூடினார்கள், பஸ்கள் வழிநெடுகக் கிடந்தன. அன்றைக்கு எங்கள் கராஜின் லொறிகளாலேயே தெருவுக்கு இறங்க முடியவில்லை. ஸ்காபரோவில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் காரை வெளியே எடுத்தவர்கள் சவளோடு வந்த அயல்வீட்டுக்காரர்கள்தான். தமிழர், சீனர், கயானாக்காரர் என்று பேர் தெரியாதவர்கள் சேர்ந்து தள்ளினார்கள். அந்தக் காட்சி இன்றைக்கும் எனக்கு மனதில் இருக்கிறது. நீ செய்கிற வேலை அந்த வகை என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஒன்றை மறக்காதே, 401 நெடுஞ்சாலையில் நிற்பாட்டி இழுக்கப் போகாதே. டொரன்டோவைச் சுற்றியுள்ள பெரிய நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில் 2021 டிசம்பரிலிருந்து அனுமதி பெற்ற இழுவை லொறிகள் மட்டுமே வாகனங்களை எடுக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, நூறில் வருகிற லொறிக்கு இருட்டில் உன்னைத் தெரியாது. உன் எல்லை உள்தெருக்களும் கடைகளின் கார் நிறுத்துமிடங்களும் என்று வைத்துக்கொள். காசும் வாங்காதே. 2024 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இழுவைத் தொழிலுக்கு மாகாணத்தின் சான்றிதழ் வேண்டும், கூலி வாங்கினால் நீயும் அந்தத் தொழிலுக்குள் வந்துவிடுகிறாய். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வை.

இங்கே கெப்பை (பிக்கப்பை) வைத்துக்கொண்டு மாரியில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். என் ஹைலக்ஸ் இப்போதும் ஓடுகிறது. டிசம்பர் லீவுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நிலாவெளியில் கடலைக் கண்ட சந்தோஷத்தில் வானை நேரே மணலுக்குள் இறக்கிவிடுவார்கள். மழையில் நனைந்த மணல் ஓரளவு தாங்கும், மேலே குவிந்த காய்ந்த மணல்தான் விழுங்கும். அதற்குக் கயிறே தேவையில்லை, மச்சான். டயரின் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, முன்னால் தோண்டி, தென்னோலை இரண்டு போட்டால் வான் தானாக ஏறி வந்துவிடும். தார் றோட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும், அதற்காகச் சின்னப் பம்ப் ஒன்று எப்போதும் கெப்பில் இருக்கிறது. சிலர் அடம்பன் கொடியைப் பிடுங்கி டயருக்கு அடியில் திணிக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கரையின் மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான்.

தம்பலகாமத்து வயல் வழி வேறு மாதிரி. பெரும்போக நெற்செய்கைக்கு உரம் ஏற்றி வருகிற லொறி, ஓரத்துக் கிரவல் ஊறிப் போயிருப்பது தெரியாமல் ஒதுக்கினால் ஒரு பக்கம் புதைந்துவிடும். அதை என் கெப்பால் இழுக்க முடியாது. ஈர நிலத்தில் இழுக்கிற வண்டிதான் முதலில் வழுக்கும். மூட்டைகளை இறக்கினால் லொறி லேசாகும், பிறகு பெரிய உழவு இயந்திரம் ஒன்று வந்தால் காரியம் முடிந்துவிடும். என் வேலை மூட்டை ஏற்றி இறக்குவதும், உழவு இயந்திரக்காரரைப் போய்க் கூட்டிவருவதும். ஓட்டோ என்றால் நாலு பேர் தூக்கி வைத்துவிடுவார்கள். இப்போது ஹைபிரிட் கார்கள் மலிந்துவிட்டன, முன்சில்லு நிலத்தில் உருள அவற்றைத் தூரத்துக்கு இழுத்துப் போகக்கூடாது. குழியிலிருந்து எடுத்து ஓரத்தில் விடுவதோடு நான் நிற்பாட்டிக்கொள்வேன்.

வெள்ளம் மேலால் பாய்கிற தாழ்வான சப்பாத்துப் பாலத்துக்குள் மட்டும் நான் இறங்குவதில்லை. ஓடுகிற நீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரை அடித்துப் போகும், இரண்டடிக்கு என் கெப்பும் மிதக்கும். சனங்கள் திட்டுவார்கள், “ஃபோர் வீல்தானே, போங்கோ அண்ணை” என்பார்கள். திட்டட்டும். கெப்பைக் குறுக்கே நிற்பாட்டி, சிக்னல் லைட்டைப் போட்டு, மற்றவர்களையும் போகவிடாமல் மறிப்பேன். தண்ணீரில் நின்றுபோன வாகனத்தை வெளியே எடுத்தால் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்றும் சொல்வேன். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது, எஞ்சினுக்குள் பிஸ்டனோடு பொருத்திய கனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

போன நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது கெப் ஒன்றுக்கும் உதவவில்லை. மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்து, மூதூர், வெருகல் பக்கமெல்லாம் ஒரே வெள்ளம். உழவு இயந்திரமும் படகும்தான் உள்ளே போயின. நாங்கள் தண்ணீர் வற்றிய இடம்வரை சாப்பாட்டுப் பார்சலும் பாயும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். கண்ணால் பார்த்ததை எழுத இப்போதும் முடியவில்லை. நேரில் வா, சொல்கிறேன். வீட்டுக்குள் சேறு ஏறிய சனங்களில் எத்தனையோ பேர் இன்னும் நிமிரவில்லை. உங்கள் சங்கத்தில் காசு சேர்த்தால் வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகப் பைக்கும் சப்பாத்துக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். பொருளாக அனுப்ப வேண்டாம், இங்கே கடைகள் திறந்திருக்கின்றன, அந்தக் கடைக்காரர்களும் நொந்துபோனவர்கள்தான்.

மற்றப்படி ஊர் ஊராகத்தான் இருக்கிறது. கோட்டை வாசலில் மான்கள் வழக்கம்போல வருகிறவர்களின் கைகளை மோந்துகொண்டு நிற்கின்றன. சிவராத்திரி கிட்டுகிறது, கோணேசர் நகர்வலத்துக்குத் தெரு அலங்காரக் கூட்டம் தொடங்கிவிட்டது. நம்மோடு படித்து ஆசிரியராக இருந்தவன் ஓய்வு பெற்றுவிட்டான். பின்னேரங்களில் கடற்கரையில் நடக்க வருகிறான், உன்னைக் கேட்காமல் ஒரு நாளும் போவதில்லை. அவனுக்கு ஒரு போன் எடு.

உன் அம்மா சுகம். முழங்கால் வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, மழையைத் திட்டிக்கொண்டு இருக்கிறார். உங்கள் வளவுக் கிணறு வெள்ளத்தோடு கலங்கியிருந்தது. இறைத்து, குளோரின் போட்டு, இப்போது தெளிந்துவிட்டது, ஆனாலும் குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்கிறோம். பின் அறையின் கூரையில் ஓடுகள் சில உடைந்து ஒழுகுகின்றன. தச்சருக்குக் காட்டினேன், ஓடுகளை மட்டும் மாற்றினால் போதாது, அவற்றைத் தாங்குகிற மரச் சிலாகைகள் இரண்டும் உளுத்துவிட்டன என்கிறார். மழை விட்டதும் தொடங்கலாமா என்று கேட்டு எழுது. சித்திரையில் வருவதாக இருந்தால் அதற்கு முன் முடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்