கோப்பை மூடும்போது காரணம் எழுதுங்கள்

போக்குவரத்து மோசடிகளையும் பாதுகாப்பு மீறல்களையும் துப்புத் துலக்கும் புலனாய்வாளர்களை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பதினான்கு ஆண்டுகள் ஒரு சரக்கு லாரி நிறுவனத்தில் ஓட்டுநர்களின் பணிநேரப் பதிவேடுகளைச் சரிபார்த்தவன் நான். சரிபார்த்தவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் முத்திரை குத்தியவன். ஏழு நாள் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தமாக இருக்கும். உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எழுதியது என்று யாருக்கும் தெரியும். ஒருநாள் அப்படியொரு பதிவேட்டுக்குள் டீசல் பில் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. பில்லில் நேரம் அதிகாலை 2.40. பதிவேட்டில் அன்றிரவு பத்து மணி முதல் காலை எட்டு மணிவரை ‘ஓய்வு’. தூக்கத்திலேயே டீசல் நிரப்பிய அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சரக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் அவரல்லவே.

புகார் அனுப்பினேன். இளம் புலனாய்வாளர் ஒருவர் இருமுறை வந்தார். பில்லைப் படியெடுத்துக்கொண்டு அசலை என்னிடமே தந்தார். “இது ஒரு வண்டியின் கதையில்லை, வண்டிகளை அனுப்புகிறவரின் மேஜையிலிருந்து வருகிறது” என்றார். மூன்றாம் முறை அவர் வரவில்லை. கடிதம்தான் வந்தது. ஓட்டுநருக்கு அபராதமாம், ‘மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கோப்பு முடிக்கப்படுகிறது.’ முடித்தது யார், எதனால் என்று ஒரு சொல்கூட இல்லை.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

1994 நவம்பரில் அமெரிக்காவின் மில்வாக்கி அருகே, லாரியிலிருந்து கழன்று விழுந்த ஓர் இரும்புப் பாகத்தின்மேல் பின்னால் வந்த வேன் ஏறியது. வேன் தீப்பிடித்தது, ஒரே குடும்பத்தின் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அந்த லாரி ஓட்டுநரின் உரிமம் இல்லினாய் மாநிலத்தில் லஞ்சம் கொடுத்து வாங்கியது. உரிமங்களுக்கு வாங்கிய லஞ்சத்தில் ஒரு பங்கு, உரிமம் வழங்கும் துறைக்கு அப்போது தலைவராக இருந்த ஜார்ஜ் ரயனின் தேர்தல் நிதிக்குப் போயிற்று. இதைத் துருவப் பார்த்த துறைப் புலனாய்வாளர்களுக்குக் குறுக்கே நின்றது வெளியாள் இல்லை, அவர்களுடைய சொந்த மேலதிகாரி. துறைக்குள் ஊழலைக் கண்டுபிடிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர்! விசாரணைக்கு முட்டுக்கட்டை போட்டதை 2001இல் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ரயன் இதற்கிடையில் ஆளுநராகிப் பதவிக்காலத்தையும் முடித்துவிட்டார். 2006இல்தான் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. விபத்து நடந்து பதினோரு ஆண்டுகள் கடந்துவிட்டன.

உங்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் காரணம் எழுதாமல் மூடிய கோப்பில், நேர்மையாக மூடியவரையும் விலைபோனவரையும் எப்படிப் பிரித்தறிவது?

இன்னொன்று, சிறிய ஆளோடு வழக்கை முடித்துக்கொள்ளும் வழக்கம். 1996 மே 11 அன்று வால்யூஜெட் 592 விமானம் புளோரிடாவின் சதுப்புநிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கறையில் ஏற்றியிருந்த பழைய ஆக்சிஜன் கலன்களிலிருந்து தீ மூண்டது. அவற்றுக்குப் பாதுகாப்பு மூடி மாட்டவில்லை. மாட்டியாயிற்று என்று பணிச்சீட்டில் கையெழுத்து மட்டும் இருந்தது. பராமரிப்பு நிறுவனத்தின்மீது நடந்த வழக்கில், கூண்டில் நின்ற ஊழியர்கள் இருவரையும் 1999இல் ஜூரி விடுவித்தது. நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் அதிலும் பெரும்பகுதி நிற்கவில்லை. கையெழுத்திட்ட கையைப் பிடிக்க ஒரு பிற்பகல் போதும். அந்தக் கையை அவசரப்படுத்தியவரைத் தேடிப் பிடிக்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைப் புலனாய்வாளருக்குக் கொடுப்பதும் மறுப்பதும் நீங்கள்தான். ஆண்டு இறுதியில் ‘முடித்த வழக்குகள்’ என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டால் அவரும் ஓட்டுநர்களைத்தான் பிடித்துக்கொண்டு வருவார். அவருக்கும் பதவி உயர்வு வேண்டாமா?

மின்னணுப் பதிவுக் கருவி வந்துவிட்டதே என்பீர்கள். அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்து அது கட்டாயம்தான். வேறொருவர் பெயரில் கருவியைத் திறந்து ஓட்டுகிறவர்களும், வண்டி ஓடுவதைப் பதியும் டேகோகிராப் கருவியை ஏமாற்ற அதன் உணரியில் காந்தம் ஒட்டுகிறவர்களும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் கேட்பது சிறிய விஷயம். கோப்பை மூடும் பக்கத்தில் உங்கள் பெயரையும் காரணத்தையும் உங்கள் கைப்பட எழுதுங்கள். அதற்குக் கீழே, புலனாய்வாளருக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் எழுத நான்கு வரி இடம் விடுங்கள். அந்த நான்கு வரியை யாரும் கிழிக்க முடியாதபடி கோப்போடு வைத்திருங்கள். புகார் கொடுத்தவருக்கு, சொல்லக்கூடிய அளவுக்காவது காரணத்தைச் சொல்லுங்கள்.

என் கோப்பை யாராவது மறுபடி திறப்பதாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். அந்த டீசல் பில்லின் அசல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெப்பத்தில் அச்சாகும் தாள் அது, 2.40இல் அந்த நான்கு இப்போதே பாதி மங்கிவிட்டது.

இப்படிக்கு,
முன்னாள் பதிவேட்டு எழுத்தர் ஒருவர்